குறுந்தொகை வாசிப்பு வட்டத்துல மூணு வருஷம் – என் அனுபவம்

2022 ஜூன்ல சேர்ந்தேன். மதுரைல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் வீட்டு மொட்டை மாடி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணி, வாரத்துக்கு மூணு பாட்டு, சங்க இலக்கியத்துல 401 காதல் பாட்டு இருக்குற குறுந்தொகை மட்டும்தான். நான் போனப்ப 41வது பாட்டு ஓடிட்டு இருந்துச்சு, அதாவது எதுக்காக ஆசைப்பட்டுப் போனேனோ அந்த செம்புலப் பெயல்நீர் பாட்டு (அது 40) முந்துன வாரமே முடிஞ்சு போச்சு, எனக்கு அவ்ளோ வருத்தம். போன மாசம் 401ம் முடிச்சோம், அதான் சேரலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன்.

முதல் ரெண்டு மாசம் ரொம்ப கஷ்டம்ங்க. நாலுல இருந்து எட்டு வரிதானே, என்ன பெருசான்னு நினைச்சேன், ஆனா ஒரு வரில நாலு வார்த்தை புரியாது, எங்க பிரிச்சுப் படிக்கணும்னே தெரியாது. சார் வச்சிருந்தது 1937ல வந்த உ.வே.சா பதிப்பை ஒட்டின புத்தகம், அதுல பதவுரை (வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம்), விசேடவுரை (கூடுதல் விளக்கம்)ன்னு எல்லாம் விரிவா இருக்கும், நான் தமிழ் இணையக் கல்விக்கழகம் தளத்துல இலவசமா இருக்குறத போன்ல வச்சுப் படிச்சேன். எங்க வட்டத்துல ஒரே ஒரு ரூல், உரையைப் பார்க்குறதுக்கு முன்னாடி பாட்டை ரெண்டு தடவ வாய்விட்டுப் படிக்கணும். அது ஏன்னு அப்ப புரியல, ஆனா காது பழகுனதுக்கப்புறம் பாதி அர்த்தம் தானா வந்துடுது.

என்னால மறக்கவே முடியாதது 138வது பாட்டு, கொல்லன் அழிசி பாடுனது. ஊரே தூங்கிடுச்சு, நாங்க தூங்கல, வீட்டுப் பக்கத்து நொச்சில இருந்து பூ விழுற சத்தத்தைக் கேட்டுட்டே கிடந்தோம்னு தலைவியோட தோழி சொல்றா. அதுல நொச்சியை 'மயிலடி இலைய'ன்னு சொல்லுவாங்க, மயிலோட பாதம் மாதிரி இலை. ஒரு அக்கா அவங்க வீட்டு வேலில இருந்து ஒரு கொத்து ஒடிச்சுட்டு வந்து தரைல வச்சாங்க, அப்படியே மயில் கால்தான்! கொரோனா சமயத்துல அந்த இலையைப் போட்டு எத்தனை தடவ ஆவி புடிச்சிருப்பேன், ஒரு நாளாச்சும் அதை உத்துப் பார்த்திருக்கேனா. அவ்ளோ சின்னப் பூ விழுறது காதுல கேக்கணும்னா அந்த ராத்திரி எவ்ளோ அமைதியா இருந்திருக்கணும், அந்தக் காதலனுக்காக எவ்ளோ நேரம் காத்துட்டு இருந்திருக்கணும்னு அன்னைக்கு ரொம்ப நேரம் பேசினோம், மத்த ரெண்டு பாட்டைத் தொடவே இல்ல.

அதே மாதிரி 167, கூடலூர் கிழார். தயிர் பிசைஞ்ச கையைத் துடைச்ச சேலையை மாத்தாம, தாளிப்புப் புகை கண்ணுல ஏற, புருஷனுக்குப் புளிக்குழம்பு வைக்கிற பொண்ணு. நல்லாருக்குன்னு அவன் சாப்பிடுறான், அவ முகத்துல மெல்லிசா ஒரு சந்தோஷம். இதைப் படிச்சப்ப ஒரு அம்மா, எனக்குக் கல்யாணமான புதுசுல இப்படித்தான்னு ஆரம்பிச்சு பாதில நிறுத்திட்டாங்க. உரைல எதுவும் இதுக்கு மேல சொல்லிட முடியாதுன்னு எனக்குத் தோணுச்சு.

குறைன்னு பார்த்தா, ஆரம்பத்துல 20 பேருக்கு மேல இருந்தோம், முடிக்கும்போது 8 பேர். ஒருத்தர் பேச ஆரம்பிச்சா அரை மணி நேரம் நிறுத்த மாட்டார், அதுலயே சில பேர் வராம போயிட்டாங்க, சாரும் அதை முன்னாடியே கவனிச்சிருக்கலாம். மழை பெஞ்சா கூட்டம் கேன்சல். ஞாயித்துக்கிழமை விசேஷ வீட்டுக்கு வரலன்னு சொந்தக்காரங்க கோவிச்சுக்கிட்டது தனி. வேகமா நெறய புத்தகம் முடிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு இது செட் ஆகாது.

செலவுன்னா டீ காசு மட்டும்தான். அடுத்து நற்றிணை, அதுவும் சங்க இலக்கியம்தான், 400 பாட்டு, வரி கூடுதல்ங்கறதால வாரத்துக்கு ரெண்டுதான்னு முடிவாயிருக்கு, எப்படியும் நாலு வருஷம் ஆகும். நான் பேர் குடுத்துட்டேன், இந்தத் தடவ முதல் பாட்டுல இருந்தே.