ராம்ப் சுவருக்கு ரெவிட் மாடல் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பொள்ளாச்சிக்காரர்களும்தான். பிளானை வெளியூர் ஆபீஸ் யாரிடமாவது கொடுத்து, ரெவிட் என்ற சாஃப்ட்வேரில் முப்பரிமாண மாடலாக வாங்குவது நம் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. நானும் அப்படித்தான் வாங்கினேன். 45,000 ரூபாய் பேசி, 35,000 கொடுத்தும்விட்டேன். வந்தது வீடியோ காட்டுவதற்கு மட்டும் உதவுகிற மாடல். அதை நம்பிக் கம்பியும் வெட்டிவிட்டோம்.

வேலை ஒரு பிசியோதெரபி சென்டர். கார் நிறுத்தும் தளம் ரோட்டு மட்டத்துக்கு 2.4 மீட்டர் கீழே. அதற்கு 1:8 சரிவில் 19.2 மீட்டர் நீள ராம்ப், இரண்டு பக்கமும் மண்ணைத் தாங்க 20 செ.மீ. கான்கிரீட் சுவர். முன்வாசலில் வீல்சேருக்கு இன்னொரு ராம்ப். அங்கே தரை 60 செ.மீ. உயரம், 1:12 கணக்கில் 7.2 மீட்டர் நீளம். அந்த வாசலுக்கு வரப்போகிறவர்கள் பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள். அதனால் மற்றதில் முன்னே பின்னே இருந்தாலும் ராம்ப் சரியாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். ‘அதெல்லாம் எங்களுக்குத் தண்ணி பட்ட பாடு சார்’ என்றார்கள்.

கார் ராம்ப் சுவரின் மேல்விளிம்பு ரோட்டு மட்டத்துக்கு 90 செ.மீ. மேலே, ஒரே மட்டமாகப் போகிறது. அடிவிளிம்பு மட்டும் ராம்ப்போடு இறங்குகிறது, ராம்ப் பரப்புக்கு 30 செ.மீ. கீழே. ஆக ரோட்டுப் பக்கம் சுவர் உயரம் 1.2 மீட்டர், கீழ்க்கோடியில் 3.6 மீட்டர். சராசரி 2.4. ஒரு சுவருக்கு 9.2 கன மீட்டர் கான்கிரீட், இரண்டுக்கும் சேர்த்து 18.4. பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும், இரண்டு நிமிடக் கணக்கு. நான் போடவில்லை. அவர்கள் அனுப்பிய அளவுப் பட்டியலில் 27.65 என்று தசமப் புள்ளியோடு இருந்தது. கம்ப்யூட்டர் போட்ட கணக்கு என்று நம்பினேன்.

வீடியோவில் எல்லாம் அழகாக இருந்தது. கார் இறங்குகிறது, புல் ஆடுகிறது, சுவர் ராம்ப்போடு சேர்ந்து போகிறது. அதைப் பார்த்துத்தான் இரண்டாவது தவணை 15,000 அனுப்பினேன். அதற்கு முன்னால் மாடல் ஃபைலைக் கேட்டபோது, ‘ஃபைனல் பேமென்ட்டுக்கு அப்புறம் தருவோம், இப்போ பிடிஎஃப் போதும் சார்’ என்றார்கள். ஜூன் மழைக்கு முன்னால் தோண்டி முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. சரி என்று விட்டேன்.

பிடிபட்டது சைட்டில். கம்பி கட்டுகிறவர் முதல் சுவரின் ஒரு முகத்துக்கு நெட்டுக் கம்பி வெட்டி அடுக்கியிருந்தார். 12 மி.மீ. கம்பி, 15 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் 129. பட்டியலில் இருந்தபடி 3.6 மீட்டரும் அடியில் மடக்க 40 செ.மீ.யும் சேர்த்து ஒவ்வொன்றும் 4 மீட்டர். 12 மீட்டர் கம்பியில் கணக்காக மூன்று துண்டு. வெட்டி முடித்துவிட்டு அவர் அந்த அடுக்கைப் பார்த்தபடியே நின்றார். ‘சாரே, ரோட்டுப் பக்கம் சுவரு இடுப்புக்கு மேலதானே வரும்? எல்லாக் கம்பியும் எதுக்கு ஒரே நீளம்?’ என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏணி மாதிரி வரிசையாக நீளம் கூடிக்கொண்டு போக வேண்டிய கம்பிகள், தலை ஒன்றுபோல வெட்டிக் கிடந்தன. சராசரியாகக் கம்பிக்கு 1.2 மீட்டர் அதிகம். 129 கம்பிக்கு 155 மீட்டர், எடையில் 137 கிலோ. அவர் கேட்காமல் இருந்திருந்தால் மீதி மூன்று முகத்துக்கும் அப்படியே வெட்டியிருப்போம்.

அன்று ராத்திரியே சண்டை போட்டு ஃபைலை வாங்கினேன். கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்சர் படிக்கிற என் சித்தப்பா மகள் லேப்டாப்பில் அதைத் திறந்து, உள்ளே இருப்பது தெரிய ராம்ப்பின் நீளவாக்கில் ஒரு செக்‌ஷன் வெட்டினாள். ‘அண்ணா, இங்க பாருங்க’ என்றாள். சுவர் சரிவோடு இறங்கவே இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை 3.6 மீட்டர் உயரத்துக்கு ஒரு செவ்வகப் பலகை. ராம்ப்புக்குக் கீழே போன பகுதி மண்ணுக்குள் மறைந்திருந்தது. வீடியோவில் மண்ணுக்கு மேலே உள்ளதுதானே தெரியும்! அளவுப் பட்டியலோ மண்ணுக்குள் இருந்ததையும் சேர்த்தே கூட்டியிருந்தது.

முன்வாசல் ராம்ப் அதைவிட மோசம். அங்கே நான் கேட்டது சரிவு, அவர்கள் கொடுத்தது சாய்வு. ரெவிட்டில் 2021 பதிப்பிலிருந்து சுவரைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்துகிற வசதி உண்டு, ஸ்லான்டட் என்று பெயர். 1:12 சரிவுக்கான கோணம் 4.76 டிகிரி. அந்த எண்ணை அப்படியே சுவரின் சாய்வுக் கோணத்தில் போட்டு வைத்திருந்தார்கள். 90 செ.மீ. கைப்பிடிச் சுவர் இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அடியில் 1.20 மீட்டர் அகலம், தலையில் 1.35. கைப்பிடியைப் பிடித்து ஏறப்போகிற மனிதரை ஒரு நொடி நினைத்திருந்தால் இப்படிச் செய்ய மனம் வருமா?

போனில் கேட்டதற்கு, ‘ரெவிட்ல சரிவா சுவர் வராது சார், அது சாஃப்ட்வேரோட லிமிட்’ என்றார்கள். என்னை ஏமாற்றியது மாடலை விட இந்தப் பதில்தான். இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. ரெவிட்டின் ராம்ப் கருவியில் போட்ட ராம்ப்போடு சுவரின் அடியை ஒட்ட முடியாது, அது நிஜம். ஆனால் ராம்ப்பைத் தரையாக (ஃப்ளோர்) போட்டு, சரிவைக் காட்டும் ஸ்லோப் ஆரோ கொடுத்து, சுவரைத் தேர்ந்தெடுத்து அதன் அடியை ஒட்டுகிற அட்டாச் பேஸ் போட்டால் அடிவிளிம்பு சரிவோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் சுவர்போல ராம்ப்புக்கும் கீழே இறங்க வேண்டும் என்றால் சரிவாக ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் (கற்பனைத் தளம்) வரைந்து அதோடு ஒட்டலாம். நேர்ச்சுவராக இருந்தால் சுவரின் வடிவத்தை மாற்றுகிற எடிட் ப்ரொஃபைலில் போய், நேர்ப் பார்வையில் (எலிவேஷன்) அடிக்கோட்டைச் சரிவாக வரைந்துவிடலாம். வளைந்த சுவருக்கு மட்டும் அந்த வழி கிடையாது. ஆர்க்கிகேட் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் சாலிட் எலிமென்ட் ஆபரேஷனில் ராம்ப்பை வைத்துச் சுவரை வெட்டுவார்கள். என் தங்கை இரண்டு சுவரையும் இருபது நிமிடத்தில் சரி செய்து காட்டினாள். பட்டியலில் 18.43 என்று வந்தது.

அந்தத் திருத்தத்துக்கு அவர்கள் கேட்டது ‘ரிவிஷன் சார்ஜ்’ 8,000. மீதி 10,000 தனியாம். இரண்டையும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை.

இப்போது யாரிடமாவது ராம்ப் மாடல் கொடுத்திருந்தால், அடுத்த தவணை அனுப்பும் முன் சுவரின் நீளவாக்கில் ஒரு நீளச் செக்‌ஷனும், குறுக்கே மூன்று இடத்தில் செக்‌ஷனும் கேளுங்கள். வீடியோ வேண்டாம். மூன்று குறுக்கு வெட்டிலும் சுவர் உயரம் ஒன்றாக இருந்தால் பணத்தை நிறுத்துங்கள். சுவர் நட்டுக்குத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், மூல ஃபைல் எப்போது கைக்கு வரும் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பிடிஎஃப்பில் எதையும் வெட்டிப் பார்க்க முடியாது.

வெட்டின கம்பியில் கீழ்க்கோடிக்குச் சரியாக வந்ததைப் பயன்படுத்திக்கொண்டோம். மற்றதை அளவுக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் இன்னும் சைட் ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கின்றன. பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் யாருக்காவது இப்படி ஃபைல் வந்து சந்தேகமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். தங்கை ஊருக்கு வருகிற நாள் அது. உட்கார்ந்து செக்‌ஷன் வெட்டிப் பார்த்துவிடலாம், காசு எதுவும் வேண்டாம்.