"எத்தனை வரி எழுதணும், டீச்சர்?"

கட்டுரை என்றதும் எங்கள் பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இது. இதையே யோசித்த ஒரு வாத்தியார் ரோமாபுரியில் இருந்திருக்கிறார். பெயர் குவிண்டிலியன். பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அரசுச் சம்பளம் வாங்கிப் பேச்சுக்கலை கற்பித்தவர். கி.பி. 95 வாக்கில் அவர் எழுதி முடித்த 'சொற்பொழிவாளரின் கல்வி' 12 பாகம். பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை மூலத்தோடு ஆங்கிலத்தில் தரும் லோப் வரிசையில், டொனால்டு ரஸ்ஸல் மொழிபெயர்ப்பாக 2001-இல் 5 தொகுதிகளில் வந்தது. ஒன்றும் நான்கும் வாங்கினேன்.

முதலில் நான்காம் தொகுதியைச் சொல்லிவிடுகிறேன். எழுத்துப் பயிற்சி பற்றிப் பேசும் பத்தாம் பாகம் அதில்தான் இருக்கிறது. குவிண்டிலியனுக்குத் தெரிந்த ஓர் இளைஞன் நன்றாகப் படிப்பவன், ஆனால் வரியை எண்ணித்தான் எழுதுவான். எழுதியதெல்லாம் வளவளவென்று நீண்டது. பலமுறை சொல்லியும் மாறவில்லை. அவன் எழுதிய பலகை, மெழுகு பூசியது, ரொம்ப அகலம்; அதனால் வரிகளும் நீளம். பலகையை மாற்றியதும் அந்தக் குறை போய்விட்டதாம்! அழிப்பது சுலபம் என்பதால் மெழுகில் எழுதுவதே நல்லது, பிறகு சேர்ப்பதற்கு வெற்றிடம் விடு, எழுதியதைச் சில காலம் ஒதுக்கி வைத்துவிட்டுப் புதிதாகப் பார் என்கிறார். எல்லாம் கையால் செய்து பார்த்தவரின் பேச்சு.

படித்த கையோடு ஏழாம் வகுப்பில் முதல் வரைவைச் சிலேட்டில் எழுத வைத்தேன். "பலப்பமா? ஒண்ணாங்கிளாஸுக்கா டீச்சர்?" என்று பெற்றோர் கேட்டார்கள். சந்தை பற்றி எழுதிய ஒரு மாணவி, "தக்காளி ஒரு காய்கறி ஆகும்" என்ற வரியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "விடியறதுக்குள்ள எங்கப்பா பெட்டிகளை வண்டியில ஏத்திடுவார்" என்று எழுதினாள். நோட்டில் பேனாவால் எழுதியிருந்தால் அந்த முதல் வரி அப்படியே நின்றிருக்கும்.

ஒன்றாம் தொகுதியில், விளையாட்டாக எழுத்துப் பழகத் தந்தத்தில் செய்த எழுத்துகளைக் கொடுக்கச் சொல்கிறார். மாணவரிடம் பெற்றவரின் மனதோடு நடந்துகொள், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல் என்கிறார். பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்கிறார். ஆனால் அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, அடி அடிமைகளுக்கு உரியது என்பது. அந்த இடத்தில் மனம் கசந்தது. அடிமை வீட்டுப் பிள்ளையின் வலி அவர் கணக்கில் இல்லை. வசதியான வீட்டுப் பையன்களை நினைத்தே எழுதியிருக்கிறார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

புத்தகம் கைக்கு அடக்கமானது, சிவப்பு அட்டை, இடப்பக்கம் லத்தீன், வலப்பக்கம் ஆங்கிலம். ஆங்கிலம் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது. ஐந்தையும் ஒரே நேரத்தில் வாங்கினால் கை கடிக்கும். ஆசிரியர்கள் நான்காம் தொகுதியை முதலில் வாங்குங்கள், பத்தாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். இரண்டாம் தொகுதியில் நீதிமன்ற வாதமே அதிகம், அது வக்கீல்களுக்கு ஆகும்.