ஃபேர்லேண்ட்ஸ் பலகைகளும் இந்திய மருத்துவப் பதிவேடும்: தேடல் பக்கம் எவ்வளவு உதவுகிறது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் எம்.டி., டி.சி.எச்., எம்.சிஎச்., டி.என்.பி. என்று பலகைக்குப் பலகை எழுத்துகள் வரிசை கட்டி நிற்கும். எது படித்து வாங்கிய பட்டம், எது சங்கத்துக்குச் சந்தா கட்டியதால் வந்த எழுத்து என்று வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்கு உதவுவதுதான் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டுத் தேடல் பக்கம்; பதிவு பெற்ற அலோபதி டாக்டர்களின் பட்டியல் அது. கட்டணம் கிடையாது. ஆனால் தேடும் விதம் தெரியாவிட்டால், முறையாகப் படித்த டாக்டரையே போலி என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

பலரும் சறுக்குவது பெயரை வைத்துத் தேடும்போதுதான். செந்தில்குமார் என்பது அங்கே ஒரே சொல்லாக இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். இனிஷியல் முன்னால் வரலாம், பின்னால் வரலாம். பெண் டாக்டர் என்றால் இன்னும் சிக்கல்: பலகையில் கணவர் இனிஷியல், பதிவேட்டில் அப்பா இனிஷியல். அதனால் டாக்டருக்கு மாநில மெடிக்கல் கவுன்சில் கொடுக்கும் பதிவு எண்ணைப் போட்டுத் தேடுங்கள். க்ளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் சான்றிதழிலும் பண ரசீதிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்கின்றன டாக்டர்களுக்கான 2002 ஒழுக்க விதிகள். சீட்டில் பெயருக்குக் கீழேயோ ரப்பர் ஸ்டாம்பிலோ பாருங்கள். எண்ணோடு தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலையும் தேர்வு செய்ய மறக்கக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக எண் கொடுப்பதால், அதே எண்ணில் கர்நாடகத்தில் ஒருவர், கேரளத்தில் ஒருவர் என்று வந்து நிற்பார்கள்.

கிடைத்த பதிவைத் திறந்தால் பட்டம், தேர்ச்சி பெற்ற ஆண்டு, பல்கலைக்கழகம் தெரியும். இங்கே கல்லூரிப் பெயரைத் தேடிக் குழம்ப வேண்டாம். 1986-இல் தொடங்கிய நம்ம ஊர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியிலேயே படித்தவர் என்றாலும், பட்டம் கொடுத்த எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

எம்.பி.பி.எஸ். பதிவைச் சரிபார்க்க இந்தப் பக்கத்தைத் தாராளமாக நம்பலாம். மேற்படிப்பு என்று வரும்போதுதான் சொதப்புகிறது. எம்.டி. முடித்தவர் அதைத் தனியாகக் கவுன்சிலில் பதிய வேண்டும். அங்கிருந்து தகவல் டெல்லியில் உள்ள தேசிய ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டில் எது தாமதமானாலும் கூடுதல் தகுதிக் கட்டம் காலியாகவே கிடக்கும். காலியாக இருப்பதாலேயே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். மேற்படிப்பைப் பதிந்திருக்கிறாரா என்று ரிசப்ஷனில் கேளுங்கள், அல்லது சென்னை அரும்பாக்கத்தில் உள்ள மாநில கவுன்சிலில் விசாரியுங்கள். 2024 ஆகஸ்டில் இதே ஆணையம் புதிதாகத் தொடங்கிய தேசிய மருத்துவப் பதிவேடு இந்தக் குறையைத் தீர்த்தால் நல்லது.

பதிவேடு எழுத்துகளைக் காட்டுமே தவிர, அவற்றுக்கு அர்த்தம் சொல்லாது. எம்.பி.பி.எஸ். என்பது நாலரை வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். அதன் மேல் மூன்று வருடம் எம்.டி., அறுவை சிகிச்சைப் பக்கம் என்றால் எம்.எஸ்.; டி.என்.பி.யும் அதற்கு இணை. டி.சி.எச். (குழந்தை மருத்துவம்), டி.ஜி.ஓ. (மகப்பேறு) போன்றவை இரண்டு வருட டிப்ளமோ. இதய மருத்துவம், நரம்பியல் எல்லாம் அதற்கும் மேலே டி.எம்.; அறுவை சிகிச்சைப் பக்கம் எம்.சிஎச். மூளை நரம்பு அறுவை சிகிச்சையை எம்.பி.பி.எஸ். முடித்து நேரடியாகவே படிக்கும் வழியும் உண்டு, நடுவில் எம்.எஸ். இல்லையே என்று பதற வேண்டாம்.

எம்.டி.யில் மட்டும் கொஞ்சம் கவனம். ரஷ்யாவில் படித்து வாங்கும் எம்.டி. பிசிஷியன் நம் எம்.பி.பி.எஸ்.ஸுக்குச் சமம். அங்கே படித்தவர்கள், வெளிநாட்டில் படித்தோருக்கு இங்கே நடக்கும் தகுதித் தேர்வில் 300-க்கு 150 மதிப்பெண் எடுத்துத் தேறித்தான் பதிவு பெறுகிறார்கள். டாக்டராக அதில் குறையில்லை, ஆனால் ஸ்பெஷலிஸ்ட் அல்ல. சர்க்கரை நோய்ப் பலகைகளையும் உற்றுப் பாருங்கள். டி.டயப். என்பது இரண்டு வருட டிப்ளமோ. சில மாதச் சான்றிதழ்ப் படிப்பும் ஏறக்குறைய அதே நீளத்தில் எழுத்துகளைத் தந்துவிடும்! சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னை ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அதே 2002 விதிகளே சொல்கின்றன.

பல் டாக்டரையும் சித்த மருத்துவரையும் இதில் தேடாதீர்கள். அவர்களுக்குத் தனிப் பதிவேடுகள். ஆபரேஷன் என்றால் சர்ஜன் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், மயக்க மருந்து கொடுக்கப்போகிறவரின் பெயரையும் எண்ணையும் முன்னாலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். சின்ன நர்சிங் ஹோம்களில் அவர் அழைத்தால் வந்துபோகிறவர். வாசல் பலகையில் அவர் பெயர் இருக்காது.