செவ்வாய் வேண்டாம், வியாழன் போங்கள்: இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களின் கோடை நாடகம்

இங்கிலாந்தில் கோடை விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் ‘சம்மர் ரெப்’ என்ற நாடக போஸ்டரைக் கண்டால் ஒரு சாயங்காலத்தை அதற்கு ஒதுக்கலாம். கொடுத்த காசுக்கு மோசமில்லை. லண்டன் வெஸ்ட் எண்டில் நடு வரிசையில் ஒருவர் உட்காரும் விலைக்கு இங்கே இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டு இடைவேளையில் ஐஸ்கிரீமும் சாப்பிடலாம். ஆனால் ஒரே குழு, ஒரே நாடகம். செவ்வாய்க்கிழமை பார்த்தவர் ‘என்ன இது, பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி’ என்பார், வியாழக்கிழமை பார்த்தவர் அடுத்த வாரத்துக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார். இருவர் சொல்வதும் நிஜம்தான். நடிகர்கள் மாறுவதில்லை. நடுவில் அவர்களுக்கு இரண்டு நாள் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரெப் என்பது ரெபர்ட்டரியின் சுருக்கம். ரெபர்ட்டரி என்றால் சொல்லுக்கு நேர்ப் பொருள், பல நாடகங்களைக் கைவசம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட நம் பாய்ஸ் கம்பெனிகள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். கோடை ரெப் அப்படியல்ல. ஒரு நாடகம், ஒரு வாரம். சனிக்கிழமை இரவோடு அதன் ஆயுள் முடிந்தது. அடுத்த வாரம் வேறு கதை, மேடையில் வேறு வீடு, பெரும்பாலும் அதே முகங்கள். மான்செஸ்டரில் ஆனி ஹார்னிமன் 1908-இல் கெய்ட்டி தியேட்டரை வாங்கி நடத்தியதும், பர்மிங்ஹாமில் பேரி ஜாக்சன் 1913-இல் தனிக் கட்டடமே எழுப்பியதும் இந்த மரபின் பெரிய வீட்டுக் கதைகள். வாரம் ஒரு நாடகம் என்ற ஓட்டம் சின்ன ஊர்களின் பிழைப்பு. டெலிவிஷன் வந்த பிறகு 1950-களில் அது வேகமாகச் சரிந்தது. இன்றைக்கு எஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் பெயர் சொல்லும்படி இருப்பவை கடலோரத்தில், கோடையில் மட்டும்.

வாரக் கணக்கைத் தெரிந்துகொண்டால் சீட்டு வாங்குவது சுலபம். செவ்வாய் தொடங்கிச் சனி முடியும் அட்டவணையை வைத்துச் சொல்கிறோம். வேறு கிழமையில் தொடங்கும் ஊரில் கணக்கை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு பத்து மணிவாக்கில் திரை விழும். கைதட்டல் அடங்கும் முன்னாலேயே மேசைச் சாமான், சோபா, நாற்காலி எல்லாம் வெளியேறும், பிறகு சுவர்கள். ஞாயிற்றுக்கிழமை புது வீட்டை நிறுத்திப் பெயின்ட் அடிப்பார்கள். திங்கள் காலை ஏணி போட்டு விளக்குகளைத் திருப்பி வைப்பது. மதியத்துக்கு மேல் டெக் ஒத்திகை, அதாவது வசனத்தைத் தாண்டித் தாண்டிக்கொண்டு விளக்கு மாறும் இடம், மணி அடிக்கும் இடம், துப்பாக்கி வெடிக்கும் இடம் மட்டும் பார்ப்பது. செவ்வாய் மதியம் உடை போட்டு ஒரே ஒரு முழு ஒத்திகை. மாலை ஏழரைக்கு ஜனம் உள்ளே.

கொலை மர்ம நாடகம் ஒன்றில் விளக்கும் ஒலியும் சேர்ந்து எழுபது கியூ, அதாவது ஏதாவது மாற வேண்டிய சரியான தருணம், வருகிறது என்று வையுங்கள். டெக்குக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் ஒரு கியூவுக்கு முழுசாக மூன்றரை நிமிஷம்கூட இல்லை. ஒருமுறை தவறினால் திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. போன் அடிக்குமுன் நடிகர் ரிசீவரை எடுத்துவிடுவதும், ஸ்விட்சைத் தட்டி இரண்டு விநாடி கழித்து விளக்கு எரிவதும் இதனால்தான். புதன் இரவு இவை பாதியாகக் குறையும். வியாழன் அநேகமாக இருக்காது.

வசனம் தனிக் கதை. பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இந்த வார நாடகம். பகல் ஒத்திகைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், ஐந்து நாள் என்றால் முப்பது மணி. நான்கு வாரம் ஒத்திகை பார்க்கும் பெரிய தியேட்டரில் இதைப்போல நாலைந்து மடங்கு கிடைக்கும். விவரம் தெரிந்த குழுக்கள் நடிகர்களை இரண்டு அணியாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு அணி மேடையில் இருக்கும்போது மற்றது ஒத்திகையில். சீசன் துண்டறிக்கையில் அடுத்தடுத்த இரண்டு வாரங்களின் நடிகர் பட்டியலை ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கியப் பாத்திரம் இரண்டிலும் ஒரே ஆள் என்றால் இரண்டாவது வாரத்தின் முதல் இரவைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே ஆளே தொடர்ந்து நாலு வாரம் பெரிய வேஷம் கட்டுகிற சீசன் என்றால், அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டு முதல் இரண்டு வாரத்தில் ஒரு சீட்டு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் இரவில் மேடைப் பொருள்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். இரண்டாம் அங்கத்தில் இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தைப் பிரித்தபடியே கேள்வி கேட்கிறார். பெயர், நேரம், முகவரி என்று வரிசையாக வரும் கேள்விகள். ஒன்றை விட்டால் கதையே அவிழாது. புத்தகத்துக்குள் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அந்தப் பக்க வசனம் முழுக்க. உயில் வாசிக்கும் வக்கீல், கடிதம் படிக்கும் அத்தை, செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நீளமாக முணுமுணுக்கும் கர்னல், எல்லாரும் இந்த ஜாதிதான். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ரெப் இருக்கும் காலத்திலிருந்து இருக்கிற தொழில் தந்திரம். மோசமானது வேறு ஒன்று: அடி எடுத்துக் கொடுக்க ஆளை நியமித்துவிட்டு, அவர் குரல் மூன்றாம் வரிசை வரை கேட்டும் நடிகர் காதில் விழாமல் போவது.

இனி செட். சுவர் என்று நாம் பார்ப்பது மூன்றங்குல அகலச் சட்டத்தில் இழுத்து அடித்த கேன்வாஸ். பின்னால் சாய்த்து முட்டுக் கொடுத்து, முட்டின் காலில் இரும்பு எடை வைத்திருப்பார்கள். சின்னக் குழுவிடம் இப்படிப்பட்ட தட்டிகள் ஒரு செட்டுக்குத் தேவையானதைவிடச் சில கூடுதலாக இருந்தாலே பெரிது. வாராவாரம் அவற்றுக்கே பெயின்ட். சீசனில் நாலு நாடகம் பார்ப்பவர் அதே கணப்பு அடுப்பை ஒரு வாரம் வலப்பக்கமும் மறுவாரம் நடுவிலும் பார்ப்பார். பளிங்கு நிறம் அடித்திருப்பார்கள், பிறகு ஓக் மரமாகும். அது குறையே அல்ல, சொல்லப்போனால் சீசன் சீட்டு வாங்குகிறவர்களின் உபரி இன்பம். குறை எது என்றால் கடல் காற்று. ஈரத்தில் கேன்வாஸ் தொய்யும். கதவை அறைந்து சாத்தும் கோபக் காட்சியில் வீட்டுச் சுவர் முழுக்கக் கொடி மாதிரி அலை அடிக்கும். கதவு மரம் உப்பிச் சட்டத்தில் பிடித்துக்கொள்ளும். கவனமான மேடை நிர்வாகி கதவின் விளிம்பை நாணயத் தடிமன் அளவுக்கு இழைத்து இடைவெளி விட்டு, தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, காந்தமோ உருளைப் பிடியோ வைத்திருப்பார். ஏழு கதவு வேண்டியிருக்கும் ஆள்மாறாட்டக் கூத்துகளில் இதைச் செய்யாத குழுவின் கதி அதோகதி. கதவு ஒன்று சிக்கினால் கூடவே மூன்று சிரிப்பு போயிற்று.

எந்த மாதிரி நாடகம் என்பதில் பழமைவாதம் உண்டு. அதற்கும் கணக்குதான் காரணம். ஆறு பேர், ஒரே கூடம், பின்னால் தோட்டத்துக்குத் திறக்கும் கண்ணாடிக் கதவு. சாமுவேல் ஃபிரெஞ்ச் நிறுவனம் போட்ட நடிப்புப் பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் மேடை வரைபடம், சாமான் பட்டியல், விளக்கு வரிசை எல்லாம் அச்சடித்தே கிடைக்கும். ஒரு வாரத்தில் வீடு கட்டுகிறவனுக்கு அது பஞ்சாங்கம் மாதிரி. அலமாரியில் அந்த வரிசைக்கு வெளியே போகிற குழுக்களைப் பாராட்ட ஆசைதான். ஆனால் பன்னிரண்டு காட்சி உள்ள நாடகத்தை எடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீல வெளிச்சத்தில் இரண்டு பேர் ஒன்றரை நிமிஷம் நாற்காலி தூக்கினால், பதினோரு மாற்றத்துக்குப் பதினாறு நிமிஷத்துக்கு மேல் நாம் கறுப்பு பனியனைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த லட்சியம் வேண்டாம்.

நகைச்சுவையும் மர்மமும் இங்கே கைவந்தவை. ஃபார்ஸ் என்கிற கதவுக் கூத்து, வெள்ளிக்கிழமை என்றால் அபாரம். செவ்வாய் என்றால் ஆபத்து, ஏனென்றால் அரை விநாடி தாமதம்கூட அதில் தெரியும். கனமான குடும்ப நாடகம் ஒன்றைச் சீசனின் நடுவில் செருகியிருந்தால் துணிந்து வாங்குங்கள். அதில் கியூ குறைவு, வீடு ஒன்று, நடிகர்களுக்கும் ஆசை அதிகம். கூட்டம் குறைவாக இருப்பதால் நல்ல இடமும் கிடைக்கும்.

யாரும் சொல்லித் தராத விஷயம் ஒன்று இருக்கிறது: சூரியன். ஜூன் கடைசியில் தென் இங்கிலாந்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதே கால், ஒன்பதரை ஆகும். இந்த அரங்குகளில் பல, தியேட்டராகக் கட்டியவை அல்ல. ஊர்ப் பொது மண்டபங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தாலும் ஓரம் வழியே வெளிச்சம் ஒழுகும். விளக்கு அணைந்து, அலறல் கேட்டு, விளக்கு வந்தால் பிணம் கிடக்க வேண்டும். ஆனால் பிணமாகப் போகிறவர் பூனை மாதிரி நடந்துவந்து இடம் பார்த்துப் படுப்பது அத்தனை பேருக்கும் தெரிகிறது. மர்ம நாடகத்தை ஆகஸ்ட் பிற்பாதியில் பாருங்கள். எட்டு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். மதியக் காட்சியில் மர்மம் எந்த மாதத்திலும் வேண்டாம். கடற்காகங்களைப் பற்றி ஒன்றும் செய்வதற்கில்லை. கூரையில் அவை கத்தும்போது விவரமான நடிகர் காத்திருந்து பேசுவார்.

இருக்கைக்கு வருவோம். மண்டபத்தில் தரை சமதளமா, படிப்படியாக ஏறுகிறதா என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். சமதளம் என்றால் மூன்றிலிருந்து ஐந்தாம் வரிசை, நடைபாதை ஓரம். முதல் வரிசையில் கழுத்து வலிக்கும், எட்டுக்குப் பின்னால் முன்னே இருப்பவர் தலைதான் தெரியும், மேடையில் யாராவது தரையில் விழுந்தால் நீங்கள் அவரை மறுபடி பார்க்கப்போவதில்லை. பெட்டி மாதிரி மூன்று பக்கமும் சுவர் வைத்த செட்டில் ஓரக் கோடி இருக்கைகளுக்குத் தம் பக்கத்துப் பின்கதவு தெரியாது, ஃபார்ஸுக்கு நடுப்பகுதிதான். இன்னொன்று: அடி எடுத்துக் கொடுப்பவர் உட்காரும் பிராம்ப்ட் மூலை வழக்கமாக நடிகரின் இடக்கைப் பக்கம், அதாவது நமக்கு வலப்பக்கம். முதல் இரவுக்குத்தான் போக முடியும் என்றால் இடப்பக்கம் வாங்குங்கள், அடி எடுத்துக் கொடுக்கும் குரல் குறைவாகக் கேட்கும். குளிர்சாதனம் இல்லாத மண்டபம் என்றால் காட்சி நடக்கும்போது மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள், சத்தம் வரும் என்று. பருத்திச் சட்டை நல்லது.

மழை பெய்கிற மதியம் என்றால் அரங்க வாசலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஊரில் கடற்கரையில் இருந்தவர் எல்லாம் அங்கேதான் வருவார்கள். ஸ்டீபன் ஜோசஃப் 1955-இல் ஸ்கார்பரோ நூலக மாடியில் வட்ட மேடை அமைத்துக் கோடை நாடகம் தொடங்கியவர். மழையில் நனைந்து, விடுதிக்காரம்மாளிடம் திரும்புமுன் காய்வதற்காக உள்ளே வருகிறவர்களைச் சிரிக்கவைக்கும் நாடகம் வேண்டும் என்று தம் எழுத்தாளரிடம் அவர் கேட்டது பிரசித்தம். சுற்றிலும் ஜனம் உட்காரும் வட்ட மேடையில் கேன்வாஸ் சுவரே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். மேலே சொன்ன பாதித் தலைவலி அங்கே கிடையாது.

போகிற வழி. எஸெக்ஸில் ஃபிரிண்டன்: 1930-களில் தொடங்கிய கோடை நாடகம், மெக்ரிகர் ஹால் என்ற சின்ன மண்டபம், ஜூலை ஆகஸ்டில். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில். கொல்செஸ்டரிலோ தார்ப்-லி-சோக்கனிலோ மாற வேண்டியிருக்கலாம். நாடகம் முடிய பத்தாகும், அதனால் திரும்பும் கடைசி ரயிலைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். நாடகம் முடிந்ததும் பக்கத்து பப்பில் உட்காரலாம் என்று திட்டமிடுகிறவர்களுக்கு: அந்த ஊருக்கு முதல் பப் வந்ததே 2000-இல்தான். டெவனில் சிட்மத்: மேனர் பெவிலியன், ஃபிரிண்டனைவிட நீளமான சீசன், ஒழுங்கான அரங்கம். ஆனால் ஊருக்கு ரயில் 1967-இலேயே நின்றுவிட்டது. எக்ஸிட்டர் வரை ரயில், பிறகு பஸ். இரவு பஸ்ஸை நம்பாமல் அங்கேயே அறை எடுப்பது மேல். தங்குகிற வாரம் சனி, ஞாயிறைத் தாண்டுமானால் சனிக்கிழமை கடைசிக் காட்சியும் அடுத்த நாடகத்தின் வியாழனும் சேர்த்து வாங்குங்கள். கணப்பு அடுப்பு எங்கே போயிற்று என்று தேடலாம்.