அல்ஹம்ப்ரா: பகல் டிக்கெட்டா, இரவு டிக்கெட்டா?

ஸ்பெயினின் கிரனாடாவுக்குப் போகிறவர்கள் அங்கே மலைமேல் முஸ்லிம் மன்னர்கள் கட்டிய கோட்டை-அரண்மனை வளாகமான அல்ஹம்ப்ராவைப் பார்க்கத்தான் போகிறார்கள். அதில் விவாதம் இல்லை. எந்த டிக்கெட் என்பதில்தான் குழப்பம். முக்கியமானவை மூன்று. பொது டிக்கெட்டில் அல்கஸாபா கோட்டை, நாஸ்ரிட் வம்ச மன்னர்களின் அரண்மனைகள், பார்தால் தோட்டம், ஹெனராலிஃபே தோட்டம் எல்லாம் அடங்கும். தோட்ட டிக்கெட்டில் அரண்மனைகளைத் தவிர மற்றதெல்லாம் உண்டு. இரவு டிக்கெட்டில் அரண்மனைகள் மட்டுமே உண்டு. பின்னவை இரண்டும் தனித்தனியே பொது டிக்கெட் விலையில் பாதிக்குச் சற்று மேல். இரண்டையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் மிச்சம் எதுவும் ஆகாது.

தோட்ட டிக்கெட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். ஹெனராலிஃபேயின் நீர்க்கால்வாய் முற்றம் அழகுதான். அல்கஸாபாவின் வேலா கோபுரத்திலிருந்து பார்த்தால் வெள்ளை வீடுகள் நிறைந்த அல்பைசின் மேடு ஒரு பக்கம், சியேரா நெவாடா மலை மறுபக்கம். ஆனால் அல்ஹம்ப்ரா வரை வந்துவிட்டு அரண்மனைகளுக்குள் இருக்கும் சிங்க முற்றத்தைப் பார்க்காமல் இறங்குவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமல் திரும்புவதுதான். மற்ற எதுவும் கிடைக்காதபோது மட்டும் இதை எடுக்கலாம்.

ஆகப் போட்டி பகலுக்கும், அதாவது பொது டிக்கெட்டுக்கும், இரவுக்கும். என் ஓட்டு பகலுக்கே. ஆனால் பகல் டிக்கெட் நல்லதா கெட்டதா என்பது, அதில் அச்சிட்டிருக்கும் ஒரே ஒரு நேரத்தைப் பொறுத்தது.

பொது டிக்கெட்டில் மற்ற இடங்களுக்கு அன்று எப்போது வேண்டுமானாலும் போகலாம். நாஸ்ரிட் அரண்மனைகளுக்கு மட்டும் அரைமணி நேர வாசல். 10:00 என்று போட்டிருந்தால் 10:00 முதல் 10:30-க்குள் உள்ளே போயாக வேண்டும்; தவறினால் விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. உள்ளே போனபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் பாதை ஒருவழி. வெளியே வந்துவிட்டால் மறுபடி நுழைய முடியாது.

பலர் கோட்டைவிடுவது நேரத்தில் அல்ல, தூரத்தில். பிரதான டிக்கெட் வாசல் இருப்பது மலையின் கிழக்கு முனையில், ஹெனராலிஃபே பக்கம். அரண்மனை வாசலோ மேற்கே, ஐந்தாம் கார்லோஸ் அரண்மனைக்குப் பின்னால். இரண்டுக்கும் இடையே பதினைந்து இருபது நிமிட நடை. நகரின் இசபெல் லா கத்தோலிகா சதுக்கத்திலிருந்து சி30 பேருந்தில் வந்து பிரதான வாசலில் இறங்கி, "வந்துவிட்டோம்" என்று நிதானமாக இருப்பவர்களுக்குத்தான் ஓட்டம் காத்திருக்கிறது. டிக்கெட்டை முன்பே வாங்கியிருந்தால் அந்த வாசலுக்குப் போகவே தேவையில்லை. கோமேரெஸ் ஏற்றம் வழியாக நடந்து ஏறி, யூசுப் மன்னர் 1348-இல் கட்டிய நீதி வாசலில் நுழைந்தால் அரண்மனை பக்கத்திலேயே இருக்கும். ஏற்றம் செங்குத்து, நடக்க முடியாத பெரியவர்கள் உடன் வந்தால் பேருந்துதான், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே.

சரி, எந்த நேரம்? 8:30 வாசல்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். கூட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அரண்மனைப் பாதை பார்தாலில் போய் முடிகிறது. பிறகு அல்கஸாபாவுக்கு மேற்கே திரும்பி நடந்து, அங்கிருந்து ஹெனராலிஃபேக்கு மறுபடி கிழக்கே முழு மலையையும் கடக்க வேண்டும். 10:00 அல்லது 10:30 எடுத்தால் 8:30-க்கு அல்கஸாபா, அதன்பின் அரண்மனைகள், பார்தால், ஹெனராலிஃபே என்று மேற்கிலிருந்து கிழக்காக ஒரே கோட்டில் போய்விடலாம். மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அந்த இரட்டை நடையைத் தவிர்ப்பதற்கே 10:00 எடுக்கலாம். மாலை நேரம் கிடைத்தால் வரிசையைத் தலைகீழாக்கி ஹெனராலிஃபேயில் தொடங்குங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை இரவு 8 மணிக்கு மூடுகிறார்கள், குளிர்காலத்தில் 6 மணிக்கே.

இன்னொன்று: அரைமணியின் முதல் நிமிடத்தில் வரிசை நீண்டிருக்கும். பத்து நிமிடம் தள்ளிப் போனால் அது கரைந்திருக்கும். இருபத்தைந்து நிமிடம் தள்ளிப்போவது சூதாட்டம்.

பகல்தான் என்று நான் அடித்துச் சொல்லக் காரணம் கூரைகள். கோமாரெஸ் கோபுரத்துக்குள் இருக்கும் தூதர் மண்டபத்தில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்து ஏழு வானங்களை அமைத்திருக்கிறார்கள். ஜன்னல்கள் கீழே, கூரை மேலே இருட்டில். உள்ளே வந்ததும் ஒன்றும் தெரியாது. ஓரமாக நின்று இரண்டு நிமிடம் கண்ணைப் பழக்கினால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். பெரும்பாலோர் அந்த இரண்டு நிமிடம் நிற்பதில்லை. சிங்க முற்றத்தை ஒட்டிய இரு சகோதரிகள் மண்டபத்தில் தேன்கூடு போன்ற சுதைக் கூரைக்குக் கீழே சுற்றிலும் சிறு ஜன்னல்கள். வெயில் நகர நகர, அந்தக் கூரையின் நிழலும் நகர்கிறது. கட்டியவர்கள் சூரியனை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இரவில் அது விளக்கடியில் அசையாமல் நிற்கும் அலங்காரம் மட்டுமே. சுவரெங்கும் திரும்பத் திரும்ப வரும் "இறைவனைத் தவிர வெல்பவர் எவருமில்லை" என்ற அரபு வரியும், அதன் பின்னணியில் மிஞ்சியிருக்கும் நீல, சிவப்பு வண்ணத் துளிகளும் பகலில்தான் கண்ணில் படும்.

இரவுக்கும் நியாயம் உண்டு. ஆட்கள் குறைவு. கோமாரெஸ் முற்றக் குளத்தில் கோபுரத்தின் பிம்பம் பகலைவிட இரவில் நன்றாக விழுகிறது. கோடையில் இரவு 10 மணிக்குத்தான் ஆரம்பம் என்பதால் வெயில் தொல்லை இல்லை. குளிர்காலத்தில் வெள்ளி, சனி இரவுகள் மட்டும்; நகரம் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முற்றங்கள் திறந்தவெளி, கம்பளி இல்லாமல் போகக் கூடாது. கேமரா ஸ்டாண்டும் ஃபிளாஷும் தடை, அதனால் புகைப்படத்துக்காக இரவைத் தேர்வு செய்வதில் அர்த்தமில்லை. முன்பே ஒருமுறை பகலில் பார்த்தவர்களுக்கு இரவு டிக்கெட்டைத் தயங்காமல் சொல்வேன். முதல்முறை போகிறவர்கள் இரண்டும் வேண்டுமென்றால், ஓர் இரவு அரண்மனையும் மறுநாள் தோட்டமும் கோட்டையுமாகச் சேர்த்து 'அல்ஹம்ப்ரா எக்ஸ்பீரியன்சியாஸ்' என்றே ஒன்று விற்கிறார்கள். ஹெனராலிஃபேக்குத் தனி இரவு டிக்கெட்டும் உண்டு. பார்த்தவர்களே அதைப் பற்றி இரு விதமாகச் சொல்கிறார்கள், நான் பந்தயம் கட்டமாட்டேன்.

டிக்கெட் பெயரோடு வருவது. ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், வாசலில் அசலைக் காட்ட வேண்டும். விடுதி அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் நம்மவர்கள் சிலர் இனிஷியலைப் போட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே விரித்து எழுதுங்கள். முதுகுப்பையை அரண்மனைக்குள் முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள், பெரிய பையை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும்.

வசந்தத்திலும் கோடையிலும் பொது டிக்கெட் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அப்போது இரவுக்குத் தாவுவதற்கு முன் 'டோப்லா தே ஓரோ' என்ற கூட்டு டிக்கெட்டைப் பாருங்கள். அல்ஹம்ப்ராவோடு அல்பைசினில் இருக்கும் பழைய குளியல் வீடான பான்யுவேலோ, தார் அல்-ஹொர்ரா மாளிகை போன்றவையும் சேர்ந்தது. விலை கொஞ்சம் கூட, ஆனால் அதற்கென்று தனி ஒதுக்கீடு. பொது டிக்கெட்டில் இல்லாத அரண்மனை நேரம் இதில் கிடைப்பதுண்டு. நகரின் பல இடங்களுக்கும் சேர்த்து விற்கும் சுற்றுலா அட்டையான கிரனாடா கார்டுக்கும் அதே கதை. அதை வாங்கும்போதே அரண்மனை நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எனவே முதலில் காலியான நேரத்தைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு ரயிலையும் விடுதியையும் பதிவு செய்யுங்கள்.