ஒன்பது வருடம், 41 டிஸ்க்: ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் ப்ளூ-ரே

டிவி மேசையின் கீழ்த்தட்டில் ஏழு பெட்டிகள் இருக்கின்றன. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலில் பயணம் செய்பவர்களைப் பற்றிய அமெரிக்க டிவி தொடர், ஏழு சீசன், 41 ப்ளூ-ரே டிஸ்க். ஒரேயடியாக வாங்கவில்லை, ஒவ்வொரு சீசனாகக் காசு சேர்த்து ஒன்றரை வருடத்தில் வாங்கி முடித்தேன். கடைசிப் பெட்டி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முழுத் தொடரையும் இரண்டு முறை பார்த்தாயிற்று, மூன்றாவது சுற்று இப்போது ஐந்தாவது சீசனின் கடைசியில் நிற்கிறது. வாங்கலாமா, ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் போதாதா என்று யோசிப்பவர்களுக்கு, இத்தனை நாள் புழங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் 2002இல் வந்த டிவிடி பதிப்பில் மூன்று சீசன் வைத்திருந்தேன். படம் மங்கல். சிவப்புச் சட்டையின் ஓரத்தில் நிறம் கசியும், கொஞ்சம் தள்ளி நிற்பவரின் முகத்தில் கண் எது மூக்கு எது என்று தெரியாது. பழைய தொடர் அப்படித்தான் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். ப்ளூ-ரே போட்ட முதல் ராத்திரி அந்த நினைப்பு போய்விட்டது. கேப்டன் பிக்கார்டின் நெற்றி நரம்பு தெரிகிறது, மனித உருவ ரோபோவான டேட்டாவின் பொன் பூசிய முகத்தில் அந்த மஞ்சள் கண் எங்கே பார்க்கிறது என்று தெரிகிறது.

இது எப்படிச் சாத்தியம் ஆனது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்தப் பெட்டிகள் மேல் மரியாதை கூடிவிட்டது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1987 செப்டம்பரில் தொடங்கி 1994 மே மாதம் முடிந்த தொடர் இது. நடிகர்களைப் பிடித்தது, கப்பல் மாடல்களைப் பிடித்தது எல்லாமே 35 எம்எம் ஃபிலிமில்தான். ஆனால் எடிட்டிங்கும், விண்வெளிக் காட்சிகளை ஒன்று சேர்ப்பதும் வீடியோ டேப்பில் நடந்தன. அன்றைய அமெரிக்க டிவிக்கு 480 வரி போதும், டேப்பில் செய்தால் நேரமும் செலவும் மிச்சம். விளைவு என்னவென்றால், முடிந்த எபிசோட் என்பது டேப்பில் மட்டும்தான் இருந்தது, ஃபிலிமில் முழு எபிசோட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 1960களின் முதல் ஸ்டார் ட்ரெக் கடைசி வரை ஃபிலிமிலேயே தயாரானது, அதை எடுத்து ஸ்கேன் செய்ய முடிந்தது. இதற்கு அந்த வழி இல்லை.

அதனால் ப்ளூ-ரே தயாரித்தவர்கள் எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். பெட்டி பெட்டியாகக் கிடந்த 25,000க்கும் மேற்பட்ட நெகட்டிவ் ரீல்களை வெளியே எடுத்து, அந்தக் காலத்தில் எடிட்டர் எந்த டேக்கை எந்த இடத்தில் வெட்டினாரோ அதே டேக்கைத் தேடிப் பிடித்து, அதே ஃபிரேமில் வெட்டி, ஒவ்வொரு எபிசோடையும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். விண்வெளிக் காட்சி இன்னும் கஷ்டம். எண்டர்பிரைஸ் கப்பலின் ஆறடி மாடல் ஒன்று, மூன்றாவது சீசனிலிருந்து நாலடி மாடல் ஒன்று. கம்ப்யூட்டர் ஓட்டும் கேமராவை அதே பாதையில் திரும்பத் திரும்ப ஓட்டி, கப்பலின் உடம்புக்கு ஒரு முறை, ஜன்னல் விளக்குகளுக்கு ஒரு முறை, எஞ்சின் வெளிச்சத்துக்கு ஒரு முறை என்று தனித்தனியாகப் பிடித்திருப்பார்கள். அந்தத் துண்டுகளை எல்லாம் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரில் மறுபடி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். கிரகங்கள், ஃபேசர் என்ற ஆயுதத்தின் ஒளி போன்றவற்றை மட்டும் பழைய தோற்றத்துக்கு ஏற்பப் புதிதாகச் செய்தார்கள். புது கிராஃபிக்ஸ் கப்பலைப் போட்டு வேலையை முடித்திருக்கலாம், செய்யவில்லை. தொடரில் வேலை பார்த்த மைக்கேல் ஒக்குடா, டெனிஸ் ஒக்குடா இருவரும் கூடவே இருந்து ஆலோசனை சொன்னார்கள். 2012 ஜூலையில் முதல் சீசன் வந்தது, 2014 டிசம்பரில் கடைசி சீசன்.

இப்படி உழைத்துக் கொண்டுவந்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் கப்பல் இல்லை, முகங்கள். இந்தத் தொடரில் சண்டை குறைவு. முக்கால்வாசி நேரம் ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து இது சரியா தப்பா என்று பேசுவார்கள். அப்படிப்பட்ட தொடருக்கு முகம் தெரியவில்லை என்றால் பாதிக் கதை தெரியவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது சீசனில் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்று ஒரு எபிசோட், 1989 பிப்ரவரியில் வந்தது. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வக்கீலாக இருந்தவர். டேட்டாவைக் கழற்றி ஆராய வேண்டும் என்று ஒருவர் வருகிறார், டேட்டா மறுக்கிறான், அவனுக்கு மறுக்க உரிமை இருக்கிறதா, அல்லது அவன் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா என்று விசாரணை. அவனுடைய நண்பன் ரைக்கரே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். ரைக்கர் தனியாக உட்கார்ந்து டேட்டாவின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறான், திடீரென்று ஜெயிக்கிற பாயின்ட் கண்ணில் படுகிறது. முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அடுத்த நொடி, இதை வைத்துத்தான் நண்பனைத் தோற்கடிக்கப் போகிறோம் என்று உறைக்கிறது, சிரிப்பு அப்படியே வடிகிறது. வசனமே இல்லை. டிவிடியில் இதை நான் நாலைந்து முறை பார்த்திருப்பேன், அந்தச் சிரிப்பு வருவதும் போவதும் என் கண்ணில் பட்டதே இல்லை.

முதல் சுற்றில் இதைப் பார்த்தபோது என் மகளுக்குப் பதினோரு வயது. ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றி மேசையில் வைத்து, முதுகுப் பக்கம் இருக்கும் ஸ்விட்சை அமர்த்தியதும் டேட்டா பொத்தென்று சாய்வான். "அப்பா, நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். "அவன் செத்துட்டானா?" "இல்லம்மா, திரும்ப ஆன் பண்ணுவாங்க." "அப்ப அவன்கிட்ட கேட்டுட்டுதானே ஆஃப் பண்ணியிருக்கணும்?" அந்த எபிசோட் முழுக்கப் பேசுவது அதைத்தான். இதே பெட்டியில் அந்த எபிசோடின் நீளமான பதிப்பும் இருக்கிறது, 57 நிமிடம், டிவியில் வெட்டிப்போட்ட காட்சிகளோடு. இந்த ஒன்றுக்காகவே இரண்டாவது சீசனை வாங்கலாம் என்பேன்.

சரி, சீசன்களின் தரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் சீசன் தடுமாற்றம்தான், அதில் 'கோட் ஆஃப் ஆனர்' என்ற எபிசோட் கறுப்பின மக்களைக் காட்டும் விதம் இன்றைக்குப் பார்க்கக் கூசுகிறது, நான் இரண்டாவது சுற்றிலிருந்து அதைப் போடுவதில்லை. இரண்டாவது சீசன் 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் 22 எபிசோடோடு நின்றது, கடைசி எபிசோட் பழைய காட்சிகளை ஒட்டிப் போட்டது. மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் வந்து எழுத்தாளர் குழுவின் பொறுப்பை எடுத்தார், அங்கிருந்து தொடர் வேறு உயரத்துக்குப் போகிறது. நடிகர்களின் உடையும் அப்போதுதான் மாறுகிறது. முதல் இரண்டு சீசனில் உடம்போடு ஒட்டிய ஒற்றைத் துணி, அதைப் போட்டு நடிகர்களுக்கு முதுகுவலியே வந்தது. மூன்றாவதில் காலர் வைத்த கம்பளி மேல்சட்டை. அந்தத் துணியின் நெசவு கூட ப்ளூ-ரேயில் தெரியும், பிக்கார்ட் எழும்போதெல்லாம் சட்டையைக் கீழே இழுத்துவிடுவதும்.

தெளிவு கூடினால் தெரியக்கூடாததும் தெரியும். சில காட்சிகளில் கண்ட்ரோல் பலகையில் விளக்கு பிரதிபலிக்காமல் இருக்க ஒட்டிய கறுப்பு அட்டை அப்படியே தெரிகிறது, சண்டைக் காட்சியில் டூப்பின் முகம் தெரிகிறது. ஒருசில ஷாட்டுகளுக்கு நெகட்டிவ் கிடைக்காமல் பழைய டேப்பையே பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள், அது ஓடும் சில விநாடிகளில் பழைய மங்கல் திரும்பி வரும். எனக்கு இதில் வருத்தம் இல்லை. எஞ்சின் அறைச் சுவரில் இருக்கும் பெரிய கப்பல் வரைபடத்துக்குள் ஒரு வாத்தும் ஒரு எலியும் வரைந்து வைத்திருக்கிறார்கள், மகள் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று தேடிக் கண்டுபிடித்தாள்.

படம் டிவியை முழுக்க நிறைக்காது, பழைய டிவியின் 4:3 அளவில்தான் இருக்கும், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. இது சரியான முடிவு. பக்கங்களைத் திறந்தால் செட்டின் ஓரமும் லைட் ஸ்டாண்டும் தெரியும், மேலும் கீழும் வெட்டினால் தலை போகும். ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

பயன்பாட்டில் வந்த தொல்லைகள்: ஆறாவது வருடத்தில் நாலைந்து டிஸ்க் நடுவில் நின்றது. டிஸ்க் போச்சு என்று பயந்தேன், பார்த்தால் பிளேயரின் லென்ஸில் தூசி. துடைத்ததும் எல்லாம் ஓடின. டிஸ்க் எதுவும் இதுவரை கெடவில்லை, விளிம்பைப் பிடித்து மட்டும் எடுப்பேன். பெட்டிகளில் இரண்டில் உள்தட்டின் பிடிப்பு உடைந்துபோய் டிஸ்க் கலகலவென்று ஆடியது, அவற்றைத் தாள் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பிளேயரை அணைத்தால் எங்கே விட்டோம் என்பது ஞாபகம் இருக்காது, பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதத்தில் எபிசோட் பெயர் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. ஒலி 7.1இல் இருக்கிறது, என்னிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர்தான், ஆனாலும் அந்தக் கப்பலின் அடிநாதம் போன்ற உறுமல் அறை முழுக்க நிற்கும்.

சீரமைத்த இதே பதிப்பு ஸ்ட்ரீமிங்கிலும் வந்தது உண்மைதான். ஆனால் இருட்டான காட்சிகளில் அங்கே கட்டம் கட்டமாக உடையும், நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் கறுப்பு சாம்பலாகத் தெரியும். அப்புறம், இன்றைக்கு இருக்கும் தொடர் அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். டிஸ்க்கில் இருக்கும் ஆவணப்படங்களும் பெரிய சொத்து. மூன்றாவது சீசன் பெட்டியில் எழுத்தாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அந்த அறையில் என்ன நடந்தது என்று பேசுவார்கள், அதை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுற்றில் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது ஐந்தாவது சீசனின் 'டார்மாக்'. டமேரியன் என்ற இனத்தாரின் சொற்கள் எல்லாம் புரியும், பேசுவது மட்டும் புரியாது. ஏனென்றால் அவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை, தங்கள் கதைகளில் வரும் ஆட்களையும் இடங்களையும் சொல்லியே பேசுவார்கள். அவர்களின் கேப்டன் குளிரில் நடுங்கும் பிக்கார்டிடம் எரியும் கட்டையை எறிந்து, "டெம்பா, விரித்த கைகளோடு" என்பான். வைத்துக்கொள் என்று அர்த்தம். அம்மா அன்று பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த ஆள் என்னடா சொல்கிறான் என்று கேட்டார், விளக்கினேன். "இதுல புரியாம போக என்ன இருக்கு? நீ தூங்கினா கும்பகர்ணன்னு சொல்றேன், உன் சித்தப்பாவைச் சகுனின்னு சொல்றேன், கதை தெரிஞ்சவனுக்குப் புரியும்" என்றார். கடைசியில் அந்த கேப்டன் அடிபட்டுக் கிடக்க, நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிக்கார்ட் பழைய மெசப்பொட்டேமியக் காவியமான கில்கமெஷின் கதையைச் சொல்வான். அந்த கேப்டனாக நடித்த பால் வின்ஃபீல்டின் முகம் முழுக்க ஒப்பனை மூடியிருக்கும், கண் மட்டும்தான் அவருடையது. கதை கேட்கக் கேட்க அந்தக் கண்ணில் வலி குறைவது தெரியும். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

ஒரே ஒரு வருத்தம். அடுத்து வந்த ஸ்டார் ட்ரெக் தொடர்களான 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' இரண்டும் இப்படியே ஃபிலிமில் எடுத்து டேப்பில் முடித்தவை. அவற்றின் பிற்காலக் கப்பல் காட்சிகள் பல, டிவி அளவுக்கு மட்டும் செய்த கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ், நெகட்டிவே கிடையாது. இந்தப் பெட்டிகள் எதிர்பார்த்த அளவு விற்காததால் அவற்றைத் தொடவே இல்லை. 'டீப் ஸ்பேஸ் நைன்' பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காகச் சில காட்சிகளை மட்டும் சீரமைத்தார்கள், அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று.

வாங்க நினைத்தால் மூன்றாவது சீசனில் ஆரம்பியுங்கள், பிடித்துப்போனால் முன்னும் பின்னும் போகலாம்.

நான் இப்போது ஐந்தாவது சீசனில் கடைசி இரண்டு எபிசோட் பாக்கி வைத்து நிறுத்தியிருக்கிறேன். அடுத்தது 'தி இன்னர் லைட்'. மயங்கி விழும் பிக்கார்ட் 25 நிமிடத்தில் வேறொரு கிரகத்தில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரனைப் பார்த்து, கிழவனாகி, கையில் ஒரு புல்லாங்குழலோடு திரும்பும் கதை. 1993இல் ஹியூகோ விருது வாங்கியது. அதில் மகனாக வருபவர் பாட்ரிக் ஸ்டூவர்ட்டின் சொந்த மகன். இரண்டு சுற்றிலும் இதை மகளோடுதான் பார்த்தேன். இப்போது அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள், "நான் வர்ற வரைக்கும் போடாதேப்பா" என்று சொல்லியிருக்கிறாள். தீபாவளிக்கு வருகிறாள். பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தில் அந்த எபிசோட் பெயரை எழுதி வைத்தாயிற்று.