செயின் கோணல்: வாஷரா, ஆக்சிலா, பின்சக்கரமா?

பழைய எம்டிபி (மலைப்பாதை) சைக்கிளின் ஃப்ரேமில் வெல்டிங் ஓரமாக விரிசல் விட்டது. ஒரு ஸ்டீல் ஃப்ரேம் வாங்கி, பழைய சாமான்களை எல்லாம் அதற்கு மாற்றினேன். மாற்றும்போது ஒரு ஆசை: முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு 38 பல்லில் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று. அதைப் பெரிய சக்கரம் இருந்த இடத்தில், கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) வெளிப்பக்கமாக மாட்டினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மேட்டில் ஏறும்போது பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குப் போட்டால் கரகரவென்று சத்தம். சிக்னலில் நின்று பெடலைப் பின்பக்கம் அரைச் சுற்று சுற்றினால் செயின் தானாக இரண்டு சக்கரம் இறங்கிவிடும். கடையில் காட்டினேன். "செயின் தேஞ்சிருக்கு சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினோம். புதுச் செயினும் அதே பாட்டுதான் பாடியது.

அதற்கப்புறம்தான் ஸ்கேலை எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் ட்யூபின் விட்டம் 28.6 மி.மீ., பாதி 14.3. அதன் வலது முகத்திலிருந்து பல்லின் நடு வரை 38. ஆக, முன்பக்கச் செயின் கோடு, அதாவது செயின் ஓடும் தடம், ஃப்ரேமின் மையத்திலிருந்து 52.3 மி.மீ. பின்பக்கம் ஃப்ரேமின் அகலம் 135, பாதி 67.5. பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட்டின் உள்முகத்திலிருந்து என் 8 ஸ்பீடு கேசட்டின் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கின்) நடு 22 தள்ளியிருந்தது. மிச்சம் 45.5. முன்னுக்கும் பின்னுக்கும் கிட்டத்தட்ட 7 மி.மீ. வித்தியாசம். ஒற்றைச் சக்கர அமைப்பில் முன்பக்கம் ஒன்றிரண்டு மி.மீ. வெளியே இருந்தால் செயின் பொறுத்துக்கொள்ளும். ஏழு ரொம்ப அதிகம்.

வைத்தியத்துக்கு முன்னால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கியர் மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் லேசாக வளைந்திருந்தாலும் கியர் தாவும், சத்தம் வரும். பார்ப்பவருக்குச் செயின் கோடு பிசகியது போலவே தெரியும். புது ஃப்ரேம் என்பதால் ஹேங்கர் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம், பார்சலில் வரும்போதே வளைந்துவிடும். அதற்கென்று உள்ள கருவியை மாட்டி, ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் இடைவெளி பார்ப்பார்கள், நாலு மி.மீ.க்குள் இருந்தால் சரி. கருவி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஹேங்கரின் மரை 10 மி.மீ., குவிக் ரிலீஸ் வைத்த பல பின்சக்கரங்களின் ஆக்சிலுக்கும் அதே மரைதான். உபரியாக ஒரு சக்கரம் இருந்தால் ஆக்சிலை ஹேங்கரில் திருகுங்கள். இரண்டு சக்கரமும் இணையாக நிற்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். என்னுடையது நேராகவே இருந்தது.

முதலில் நினைவுக்கு வந்தது மலிவான வழி, வாஷர். பல்சக்கரத்துக்கும் கிராங்கின் கைக்கும் நடுவே மெல்லிய வாஷர் வைத்தால் கோடு நகரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பக்கம் நகரும் என்பதை யாரும் சொல்வதில்லை. சக்கரம் வெளிப்பக்கம் இருந்தால் வாஷர் அதை இன்னும் வெளியேதான் தள்ளும். உள்பக்கம் இருந்தால் இன்னும் உள்ளே தள்ளும். இடைப்பட்ட ஒரு இடத்தில் நிறுத்த அதனால் முடியாது. எனக்குத் தேவைப்பட்டதோ அந்த இடைப்பட்ட இடம்தான்.

அடுத்தது, பல்சக்கரத்தையே உள்பக்கம் மாற்றி மாட்டுவது. பைசா செலவில்லை, ஆலன் கீ போதும். என் கிராங்கில் இது 7 மி.மீ. உள்ளே கொண்டுவந்தது. கணக்குப்படி 45.3, இதைவிடப் பொருத்தம் வேண்டாம். ஆனால் மாட்டிவிட்டுப் பார்த்தால் பல் நுனிக்கும் செயின் ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) நடுவே ஒரு மி.மீ.தான் இருந்தது. எழுந்து நின்று மிதித்தேன், டிக் டிக் என்று பல் பெயிண்டைச் சுரண்டியது. 32 பல் சக்கரமாக இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். உங்களுடையது சின்னச் சக்கரம் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பின்பக்கத்தை நகர்த்துவது? கியர் சைக்கிளில் இது பெரும்பாலும் வீண் முயற்சி. கேசட்டை வெளியே தள்ள வேண்டும், ஆனால் சின்னப் பல்சக்கரத்துக்கும் டிராப்அவுட்டுக்கும் நடுவே ஏற்கெனவே இடம் இல்லை. ஒற்றைக் கியர் வைப்பவர்களுக்கு மட்டும் இதுதான் ராஜவழி. கேசட் உட்காரும் ஃப்ரீஹப்பில் ஸ்பேசர் வளையங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் போட்டு ஒவ்வொரு மி.மீ.ஆக நேராக்கிவிடலாம்.

மிஞ்சியது பி.பி. ஆக்சில் (ரத்த அழுத்தம் இல்லை, இரண்டு கிராங்கையும் இணைக்கும் பாட்டம் பிராக்கெட், மாற்றும்போது மற்றதும் கொஞ்சம் ஏறும்). சதுர முனை ஆக்சில்கள் 107, 110, 113, 118, 122.5 என்று பல நீளங்களில் வருகின்றன. பழைய சைக்கிளிலிருந்து வந்தது 122.5. நீளத்தில் குறைவது இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும் என்பதை மறக்கக் கூடாது. 118 போட்டால் கோடு இரண்டேகால் மி.மீ.தான் உள்ளே வரும், போதாது. 110 போட்டால் கோடு 46 ஆகிவிடும், ஆனால் செயின் ஸ்டேக்கு இரண்டு மி.மீ.கூட மிஞ்சாது. 113 என்றால் சக்கரம் வெளிப்பக்கமே இருக்கலாம், கோடு 47.5, இடைவெளி மூன்று மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அதையே வாங்கினேன்.

வேலை கொஞ்சம் முரட்டு வேலை. கிராங்க் புல்லரை மாட்டும் முன் போல்ட்டோடு அதன் வாஷரும் வெளியே வந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பாருங்கள். வாஷர் உள்ளே இருக்கப் புல்லரை முறுக்கினால் கிராங்கின் மரை போய்விடும். நம் ஊரில் கிடைக்கும் பெரும்பாலான ஃப்ரேம்களில் செயின் பக்கத்து பி.பி. கப் தலைகீழ் மரை. கழற்ற வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் முட்டி மோதி மரையை நாசம் செய்தவர்கள் அநேகம். சதுர முனையிலும் ஜிஸ் (JIS), ஐஸோ (ISO) என்று இரண்டு ரகம் இருக்கிறது. மாற்றிப் போட்டால் கிராங்க் ஆக்சிலில் ஏறி உட்காரும் ஆழம் மாறும், போட்ட கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

ஆக்சிலும் கிராங்கும் ஒன்றாகவே வரும் புது ரகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நீள விளையாட்டு கிடையாது. முதலில் 2.5 மி.மீ. ஸ்பேசர்கள் சரியான பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எம்டிபி கிராங்குகளில் 68 மி.மீ. ஷெல் (பி.பி. உட்காரும் ஃப்ரேம் குழாய்) என்றால் வழக்கமாக வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. அது சரியாக இருந்தால், நேரடியாகக் கிராங்கில் மாட்டும் பல்சக்கரத்தை வேறு ஆஃப்செட்டில் (பல் உள்ளே தள்ளியிருக்கும் அளவு) வாங்குவதுதான் வழி. ஸ்ராம் கம்பெனியில் 6 மி.மீ. ஆஃப்செட் 49 கோட்டுக்கு, 3 மி.மீ. ஆஃப்செட் பின்பக்கம் 148 அகலமுள்ள பூஸ்ட் ஃப்ரேமின் 52 கோட்டுக்கு.

இப்போது பெரிய பல்சக்கரத்தில் போட்டுப் பெடலைப் பின்னால் எவ்வளவு சுற்றினாலும் செயின் அசையவில்லை. ஸ்டேயில் சுரண்டிய இடத்துக்கு நகப்பூச்சு வைத்திருக்கிறேன். நிறம் சேரவில்லை.